துப்புத் துலக்கும் பெண்ணும் சிரிக்கத் தெரிந்த சமயமும்



பத்தாண்டுக் காலம் கவிதையைப் பாடியும் ஆய்ந்தும் வந்த அவையொன்றில் துப்பறியும் நாவலைப் பற்றிப் பேசப் புகுவது, கலியாண வீட்டில் வழக்குக் கட்டைப் பிரித்து வைப்பது போலத் தோன்றக்கூடும். அதிலும் எடுத்துக்கொண்ட வகை மிகக் குறுகியது. கிறித்தவச் சூழலில், நகைச்சுவை குன்றாமல், காவல்துறையோடு தொடர்பில்லாத எளிய பெண்ணொருத்தி மர்மத்தின் முடிச்சை அவிழ்க்கும் நாவல் அது. மேலைநாடுகளில் இவ்வகைக்கெனத் தனி வாசகர் கூட்டமே உண்டு. தமிழில் அது தனி வரிசையாக நிலைபெறவில்லை. ஆயினும் அதற்கு வேண்டிய சரக்கு முழுவதும் தமிழின் முதல் நாவலிலேயே இருந்தது. பின்னர் பங்கு பிரிந்து போயிற்று. அந்தப் பாகப்பிரிவினையே இவ்வுரையின் பொருள்.

இவ்வகை வேர் கொண்ட இடம் இங்கிலாந்தின் சிற்றூர். 1930ஆம் ஆண்டு அகதா கிறிஸ்டி எழுதிய நாவலொன்றில், கதை சொல்பவரே ஊர்ப் போதகர். உணவு மேசையில் இறைச்சியை அறுத்துக்கொண்டே, ஊரில் எவர்க்கும் பிடிக்காத பெரிய மனிதர் ஒருவரைக் கொல்பவன் உலகத்துக்கு நன்மை செய்தவனாவான் என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். பிறகு அந்த மனிதரின் பிணம் கிடப்பது அதே போதகரின் படிப்பறையில்! முடிச்சை அவிழ்ப்பவர் மிஸ் மார்ப்பிள் என்னும் மணமாகாத முதியவர். அவர் கையில் துப்பாக்கியில்லை. தோட்டவேலை உண்டு, பறவை பார்க்கும் கண்ணாடி உண்டு. பறவையைப் பார்ப்பதாகச் சொல்லி எதைப் பார்க்கிறார் என்பது ஊரார் அனைவர்க்கும் தெரியும். கிழவிதானே என்று எவரும் அவரைப் பொருட்படுத்துவதில்லை. அந்த அலட்சியமே அவருடைய ஆயுதம்.

அவருக்கு முன்னரே, 1911இல், செஸ்டர்டன் படைத்த பிரவுன் பாதிரியார் நூலுருவில் வந்துவிட்டார். உருண்டை முகமும் பெரிய குடையுமாக வரும் அந்தக் குருவானவர், குற்றங்களை எவ்வாறு கண்டுபிடித்தார் என்பதை 1927இல் வெளிவந்த தொகுதியில் விளக்குகிறார். ஒவ்வொரு கொலையையும் தாமே மனத்தால் செய்து பார்த்தாராம். கொலைகாரனின் நெஞ்சுக்குள் புகுந்து, தாமும் அவனாகவே ஆகும்வரை காத்திருந்தாராம். கவிஞர்களுக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை. அவர் பிடித்த பெருந்திருடன் ஃப்ளாம்போ தூக்கு மேடை ஏறவில்லை. திருந்தி அவருக்கே துணைவனாகிறான். காவல்துறையின் கதை கைவிலங்கில் முடியும்; பிரவுன் பாதிரியாரின் கதைக்கு அதற்குப் பின்னும் ஒரு பக்கம் வேண்டியிருக்கிறது.

டாரதி சேயர்ஸ் என்பார் போதகரின் மகள்; சமய நூல்களும் துப்பறியும் நாவல்களும் எழுதியவர். 1928இல் அவர் தொகுத்த மர்மக்கதைத் தொகைநூலின் தொடக்கத்தில் தானியேல் ஆகமத்தின் இணைப்புகளிலிருந்து இரு கதைகளைச் சேர்த்தார். கத்தோலிக்கர் ஓதும் தமிழ்த் திருவிவிலியத்தில் அவை இன்றும் உள்ளன. ஒன்றில், சூசன்னா என்னும் கற்புடைய பெண்மீது பழி சுமத்திய முதியவர் இருவரைத் தானியேல் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று கேட்கிறார். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொல்லி அகப்படுகிறார்கள். மற்றொன்றில், பேல் என்னும் சிலை நாள்தோறும் படையலை உண்கிறது என்று அரசன் நம்புகிறான். தானியேல் இரவில் கோயில் தரையெங்கும் சாம்பலைத் தூவி வைக்கிறார். விடிந்து பார்த்தால் ஆண், பெண், குழந்தைகளின் கால் தடங்கள்! பூசாரிகள் குடும்பத்தோடு மறைவழியாக வந்து உண்டு போயிருக்கிறார்கள். தானியேல் சிரித்தார் என்று அக்கதையே சொல்கிறது. சமயமும் துப்பும் சிரிப்பும் ஒரே இடத்தில் கூடிய மிகப் பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

ஆனால் ஒரு குறை உண்டு. சூசன்னா கடவுளை நோக்கிக் கதறுகிறாள். வழக்கை உடைப்பவன் இளைஞன் ஒருவன். பழி அவள்மேல் விழுந்திருக்க, குறுக்கு விசாரணை அவள் கைக்கு வரவில்லை.

தமிழில் அது பெண்ணின் கையிலேயே இருந்தது. பாண்டியன் அவையில் கண்ணகி அழுது நீதி கேட்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று பருப்பொருட் சான்றை வைத்து, உடைத்துக் காட்டி வழக்கை வென்றாள். கூடலூருக்கு மேலுள்ள மலைமுகட்டில், சித்திரை முழுநிலவன்று தமிழரும் மலையாளிகளும் ஏறிச்சென்று வணங்குவது அவளைத்தான். எனினும் மதுரையில் அன்று எவரும் சிரிக்கவில்லை, சிரிக்கவும் இயலாது.

சிரிப்பைக் கொண்டுவந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்தவர். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று 1862இல் வெளியிட்டார். பொய்ச்சாட்சியை நாள்தோறும் எதிரில் நிறுத்திப் பார்த்த கண்கள் அவருடையவை. 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் அந்த நீதிமன்றத்து அனுபவம் நகைச்சுவையாகப் பெருகி ஓடுகிறது, வக்கீல்களும் நீதிபதிகளும் கேலிக்கு ஆளாகிறார்கள். முதன்மை மாந்தர் சைவ முதலியார் குடும்பத்தினர். ஆசிரியரின் சமயம் எங்கும் பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. கடவுள் பேச்சு மட்டும் நிறைய வரும். சற்று அதிகமாகவே வரும் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்நாவலின் நாயகி ஞானாம்பாள். கணவன் விக்கிரமபுரியில் வீண் வழக்கில் அகப்பட்டுச் சிறையில் கிடக்கிறான். அவள் ஆண் உடை தரித்து வருகிறாள். யானை அவள் கழுத்தில் மாலையிட, அரசனாகிறாள். வழக்குகளை விசாரிக்கிறாள், கணவனை மீட்கிறாள். நாட்டைத் திருத்துகிறாள். பெண் கல்விக்காக நூல் எழுதிய வேதநாயகம் பிள்ளை, பெண்ணின் மதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் ஐயப்படவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அமர அவளுக்கு வேடம் தேவைப்பட்டது. வேடம் கலைந்ததும் அரியணையும் போயிற்று. மிஸ் மார்ப்பிள் தம் பின்னல் ஊசியைக் கீழே வைக்காமலே குற்றவாளியைக் காட்டுகிறார். ஞானாம்பாள் சேலையைக் களைந்த பிறகே தீர்ப்புச் சொல்ல முடிந்தது.

அதன்பின் நடந்ததுதான் பாகப்பிரிவினை. 1894இல் நடேச சாஸ்திரியாரின் ‘தானவன்’ வந்தது, ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன் வந்தான். துப்பறிதல் ஆடவர் சொத்தாயிற்று. வை. மு. கோதைநாயகி 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதி, அவற்றில் மர்மத்தையும் விரும்பி ஆண்டார். ஒரு பெண் மர்மக்கதை எழுதலாம் என்பது அவரால் உறுதியாயிற்று; ஒரு பெண் மர்மத்தை அவிழ்க்கலாம் என்பது வழக்கமாகவில்லை. சிரிப்பு தேவனின் துப்பறியும் சாம்புவிடம் போய்ச் சேர்ந்தது. அசடரான வங்கிக் குமாஸ்தா தடுக்கி விழுந்து திருடனைப் பிடிப்பார். அதைப் படித்துச் சிரிக்காதவர் அரியர். பின்னர்ப் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களின் காலம். பரத்துக்குச் சுசீலா, நரேந்திரனுக்கு வைஜெயந்தி, விவேக்குக்கு ரூபலா. பெண் வந்தாள், துணையாக வந்தாள். ஆண் வேடம் தேவைப்படவில்லை, அரியணையும் கிடைக்கவில்லை.

இவையெல்லாம் உரைநடையின் கணக்கு. கவிதையின் கணக்கு வேறு. இவ்வட்டத்தினர் அதை நன்கறிவர். அகப்பாடல்களில் வெறியாட்டுத் துறையை எண்ணிப் பார்க்கலாம். தலைவி மெலிகிறாள், வளை நெகிழ்கிறது. தாய் வேலனை அழைக்கிறாள். அவன் ஆடி, கழங்கு பார்த்து, முருகன் அணங்கினான் என்று தவறான முடிவைச் சொல்கிறான். உண்மை அறிந்தவள் தோழி. அவள் வேலனையும் சில வேளை முருகனையுமே எள்ளி நகைத்து, குற்றவாளியின் மலையைக் குறிப்பாகச் சுட்டிவிடுகிறாள். அதிகாரம் பெற்ற புலனாய்வாளன் தவறுகிறான். அதிகாரமற்ற பெண் அறிகிறாள், சிரிக்கிறாள், எவரையும் அவமானப்படுத்தாமல் உண்மையை வெளிக்கொணர்கிறாள். இதைவிடச் சிறந்த இலக்கணத்தை இங்கிலாந்தார் வகுத்துவிடவில்லை. துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதிய ரொனால்ட் நாக்ஸ் ஒரு கத்தோலிக்கக் குரு. கண்டுபிடித்த தடயத்தை வாசகனிடம் மறைக்கலாகாது என்பது அவர் 1929இல் வகுத்த விதிகளுள் ஒன்று. உள்ளுறை உவமம் செய்வதும் அதுவே: எல்லாம் கண்முன் கிடக்கிறது, காண்பவர்க்கே தெரிகிறது.

வருசநாட்டு மலைக்கு அப்பால் விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த பாமா, 1992இல் ‘கருக்கு’, 1994இல் ‘சங்கதி’, 1996இல் ‘கிசும்புக்காரன்’ என நூல்களைத் தந்தார். கோயில், பூசை, பாவசங்கீர்த்தனம், கன்னியர் மடம் ஆகியவற்றுக்கு நடுவே வாழும் தலித் பெண்களின் பேச்சு அவற்றில் முதன்முறையாகத் தன் முழுக் கிண்டலோடு அச்சேறியது. அவை மர்ம நாவல்கள் அல்ல. அவர் நோக்கமும் அதுவன்று. ஆனால் துப்புத் துலக்கும் பெண்ணுக்கு வேண்டிய குரல் அங்கே ஆயத்தமாக இருக்கிறது. வேடமற்ற குரல்.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் சென்றால், இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று பழைய கத்தோலிக்க ஊர்கள் உண்டு. இராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழர் வழங்கிய பெயர். இத்தகைய பங்கொன்றில் குற்றம் நடந்தால் புலன் விசாரிக்கத் தகுதியானவர் எவர்? பங்குச் சாமியார் அல்லர். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் உயிர் போனாலும் சொல்லலாகாது. குற்றவாளியை அறிந்தவுடனே அவர் வாய் அடைபடுகிறது. தலைமைக் காவலரும் அல்லர். அவரைக் கண்டதும் ஊர் வாய் அடைபடுகிறது. எஞ்சுபவர் கோயிலைக் கூட்டிப் பெருக்கும் உபதேசியாரின் மனைவி. மெழுகுதிரியை எண்ணி வைப்பவர் அவர். எந்த வீட்டில் எந்த நாளில் உலை வைக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

திருவிழாவுக்கு மறுநாள் உண்டியல் காணாமற்போகிறது என்று வைத்துக்கொண்டால், வெளியூர்க் கடைக்காரர்களையெல்லாம் காவலர் வரிசையில் நிறுத்துவார். அந்த அம்மாள் விளக்குமாற்றைச் சாய்த்து வைத்துவிட்டுச் சொல்லக்கூடும்:

“ஏட்டையா, அவுகள எதுக்கு வெயில்ல நிறுத்துறீக? இந்தக் கதவ வலதுபக்கமாத் தூக்கித்தான் தொறக்கணும். வெளியூர்க்காரனுக்கு அது எப்பிடித் தெரியும்?”

அந்தக் கதவைத் தூக்கித் திறக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நால்வர். அவர்களுள் ஒருவன் வீட்டில் மூன்று நாளாக உலை வைக்கவில்லை. ஏட்டையாவிடம் சொல்வதா, மறுநாள் காலைப் பூசைக்கு மணியடிக்குமுன் உண்டியலை இருந்த இடத்தில் வைத்துவிடும்படி அவன் தாயிடம் போய்ச் சொல்வதா என்று அந்த அம்மாள் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்ய அவருக்கு ஓர் இரவு இருக்கிறது.