கூறினாரா, சுட்டிக்காட்டினாரா?



2025 மே 3ஆம் நாள் நடைபெற்ற பொதுத்தேர்தலில் இந்தத் தெம்பனிஸ் குழுத்தொகுதி நான்குமுனைப் போட்டியைக் கண்டது. மக்கள் செயல் கட்சி 52.02 விழுக்காட்டு வாக்குகளுடன் வென்றது. பாட்டாளிக் கட்சி 47.37 பெற்றது. இத்துணை நெருங்கிய போட்டியில், ஊடகங்கள் நடுநிலை காத்தனவா என்னும் வினா எழுவது இயல்பே.

இதற்கு விடையைப் பெரும்பாலோர் உடைமையில் தேடுவர். தமிழ்நாட்டில் அது எளிது. ஜெயா தொலைக்காட்சி எந்தப் பக்கம், கலைஞர் தொலைக்காட்சி எந்தப் பக்கம் என்பதைப் பார்ப்பவர் அறிவர், அறிந்தே கேட்பர். இங்கே, 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்று எஸ்பிஎச் மீடியாவின் கீழ் இயங்குகிறது. அந்நிறுவனத்திற்கு ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை அரசு நிதி வழங்கப்படும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அதன் விளைவை ஆராய வேறு துறையினர் உள்ளனர். நான் இலக்கணக்காரன், வினைமுற்றைப் பார்க்கிறேன்.

நானே இயற்றிய எடுத்துக்காட்டு ஒன்று. ‘வீட்டு விலை உயர்ந்துவிட்டது என்று வேட்பாளர் கூறினார்.’ இதில் விலை உயர்ந்ததா இல்லையா என்பதற்குச் செய்தியாளர் பொறுப்பேற்கவில்லை. ‘உயர்ந்துவிட்டதாகக் குற்றஞ்சாட்டினார்’ என்றால், மெய்ப்பிக்க வேண்டிய சுமை வேட்பாளர் தலையில் ஏறுகிறது. ‘உயர்ந்துவிட்டதைச் சுட்டிக்காட்டினார்’ என்றாலோ, விலையேற்றம் உண்மை என்று நாளிதழே ஒப்புக்கொண்டுவிட்டது. ‘என்று’ போய், இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ வந்தது, அவ்வளவே மாற்றம். ஒருவர் எப்போதும் சுட்டிக்காட்டுபவராகவும் மற்றவர் எப்போதும் குற்றஞ்சாட்டுபவராகவும் இருந்தால், புகழுரை ஒன்றுகூட இல்லாமலே சாய்வு நிகழ்ந்துவிடும். ‘உறுதி’, ‘சாடல்’ என முடியும் தலைப்புகளுக்கும் இது பொருந்தும்.

இவையெல்லாம் உள்நோக்கத்தோடு எழுதப்படுவன என்று நான் கருதவில்லை. ‘கூறினார்’ என்று அடுத்தடுத்து எழுதாதீர்கள், நடை சலிக்கும் என்று மாணவர்களுக்குப் பல்லாண்டு சொல்லிக்கொடுத்தவன் நான். ஆங்கில அறிக்கையில் ஒரே வினை பத்து முறை வரும். நள்ளிரவில் அதைத் தமிழாக்குபவர் நடையழகுக்காகப் பத்து வினைகளைத் தேடுவார். அழகு தேடிய இடத்தில் தீர்ப்பும் நுழைந்துவிடுகிறது. என் அறிவுரையை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தேர்தல் செய்தியில் ‘கூறினார்’ சலித்தால் சலிக்கட்டும். தமிழ்ச் செய்தியை மட்டுமே படித்து வாக்களிக்கும் முதியவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு வாசகம் இல்லையே!

ஐயம் எழுந்தால், இரு வேட்பாளருக்குரிய வினைகளையும் இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள். செய்தி உறுத்தாமல் ஓடினால் குறையில்லை.

இந்தச் சோதனைக்கும் அகப்படாதவர் சிலர் உண்டு. இங்கே போட்டியிட்ட மற்ற இரு கட்சிகளும் சேர்ந்தே ஒரு விழுக்காட்டை எட்டவில்லை. அதற்கு ஊடகமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆயினும், ‘ஆகிய கட்சிகளும் போட்டியிடுகின்றன’ என்னும் ஒரே தொடரில் அடங்கிவிடும் வேட்பாளருக்கு, இடம் மாற்றிப் பார்க்கக்கூட ஒரு வினைமுற்று வாய்ப்பதில்லை.