ஏலமலை ஜீப்பும் ஓட்டுநர் இல்லாத காரும்

விடியும் முன்பே போடி, கம்பம் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்பைப் பற்றி இடுக்கி நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போடிமெட்டுப் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். மூடுபனியில் லாரி எங்கே வருகிறது என்பதை ஹாரன் சத்தத்திலேயே கணித்து ஒதுங்குகிறவர்கள் அந்த ஓட்டுநர்கள். அவர்கள் இடத்தில் கணினியை உட்கார வைத்தால் ஒழுங்காக ஓட்டுமா என்பது ஒரு கேள்வி. எனக்குள்ள கவலை வேறு. அதன் காதில் வெளியாள் யாராவது ஓதினால்?

2015 ஜூலையில் அமெரிக்காவில் அதைச் செய்தே காட்டினார்கள். சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள், முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, ஒரு பத்திரிகையாளர் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்த ஜீப் செரோகியை வீட்டிலிருந்தபடியே மடிக்கணினியால் பிடித்தார்கள். முதலில் ஏ.சி. சில்லென்று வீசியது. அடுத்து வானொலி அலறியது. குமிழைத் திருகியும் அடங்கவில்லை. வைப்பர் தானாக அடித்தது. கடைசியில், ஆக்சிலேட்டரை மிதித்தும் வேகம் எடுக்காமல் வண்டி தேங்கியது. எந்த வழியாக நுழைந்தார்கள் தெரியுமா? கைபேசி வலையமைப்போடு இணைந்திருந்த பாட்டுப் பெட்டி வழியாக! வானொலியில் இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிறகு 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது அந்த நிறுவனம். இத்தனைக்கும் அது ஆள் ஓட்டிய வண்டி.

தானாக ஓடும் வண்டிக்குள் நுழையக்கூட வேண்டாம், கண்ணைக் கட்டினாலே போதும். 2020இல் மெக்கஃபி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 35 என்ற வேகப் பலகையில், 3இன் நடுக்கோட்டைக் கறுப்பு டேப் ஒட்டிக் கொஞ்சம் நீட்டினார்கள். பழைய டெஸ்லா கார் ஒன்று அதை 85 என்று படித்து வேகம் கூட்டியது. பாசி படிந்தும் சுவரொட்டி ஒட்டியும் கிடக்கிற நம் மலைப்பாதைப் பலகைகளை நினைத்துப் பாருங்கள்.

ஓட்டுநர் இல்லாத காரை இந்தியாவுக்குள் விடமாட்டேன் என்று 2023இல் சொன்னார் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி. ஓட்டுநர்களின் பிழைப்பை எண்ணிச் சொன்னது. ஆனால் அந்த ஜீப்பைப் போலக் கைபேசி வலையமைப்போடு இணையும், சிம் பொருத்திய கார்கள் வாளையார் எல்லை வழியாக ஏற்கெனவே போய்வந்துகொண்டிருக்கின்றன. பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இடங்காட்டும் கருவியும் வந்தாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புது வண்டிகளுக்கு இணையப் பாதுகாப்பு விதி கட்டாயம்.

அடுத்த முறை வண்டி வாங்கப் போனால், மைலேஜ் கேட்ட கையோடு, மென்பொருளை எத்தனை வருஷம் புதுப்பித்துத் தருவீர்கள் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.