விழுந்த கைக்கு வீட்டிலே வேலை

(பங்கின் வெள்ளி விழாக் கூட்டத்தில் டிஸ்பென்சரியில் பணிபுரிவோர் சார்பில் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று முகம் சுளிக்க வேண்டாம். இன்னும் சற்று நேரத்தில் எல்லோரும் பந்தியில் அமரப் போகிறோம். அந்தப் பந்திக்கு வராமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் சிலர் உண்டு. வாதம் வந்து வலக்கை விழுந்தவர்கள் அவர்கள். இடக்கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்ற வெட்கத்தால் வராதவர்கள். அவர்களைப் பற்றித்தான் எங்கள் பேச்சு.

பக்கவாதம் கையில் வரும் நோயன்று, மூளையில் வருவது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடித்துவிடுகிறது. கையின் தசையும் எலும்பும் பழுதில்லாமல் இருக்கின்றன; கட்டளை இடும் இடம்தான் கெட்டுப்போயிற்று. ஆகையால் புறா இரத்தத்தைக் கையில் தேய்ப்பதால் ஒரு பயனும் இல்லை. புறாவைத் தேடி அலையும் நேரத்தில் 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ தாமதம் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். நமக்கோ மலைப்பாதையை இறங்கவே நேரம் பிடிக்கும். இதை முன்பும் சொல்லியிருக்கிறோம், இதோடு விட்டுவிடுகிறோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு நடப்பதுதான் இன்றைய விஷயம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவருக்கு ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, "ஐயா, இதை நாள்தோறும் அமுக்கிக்கொண்டிருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அவரும் விசுவாசமாக அமுக்கினார். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகி மடங்கியிருந்தன. நகம் வெட்டவே இருவர் வேண்டியிருந்தது. பந்து ஒன்றினால்தான் அப்படி ஆயிற்று என்று சொல்லமாட்டோம். ஆனால் அது உதவவில்லை. வாதம் வந்த கை தானாகவே மூடிக்கொள்ளப் பார்க்கும் கை. அதற்கு வேண்டியது விரிக்கும் பயிற்சி. மேசைமேல் உள்ளங்கையை வைத்து மெல்ல விரித்தல், டம்ளரைப் பிடித்தபின் விட்டுவிடுதல் ஆகியவையே பயிற்சி. பிடிப்பதைவிட விடுவது கடினம் என்று அப்போதுதான் கற்றுக்கொண்டோம். தோள் மூட்டும் தளர்ந்திருக்கும். ஆகவே அந்தக் கையைப் பற்றித் தூக்கி எழுப்பிவிடாதீர்கள்.

இன்னொன்றும் கண்டோம். கை கொஞ்சம் அசையத் தொடங்கிய பிறகும் வீட்டார் அதற்கு வேலை கொடுப்பதில்லை. பாசத்தினால் மருமகள் ஊட்டிவிடுகிறாள், மகன் சட்டை மாட்டிவிடுகிறான். நல்ல கை மற்ற எல்லாவற்றையும் செய்துவிடுகிறது. நாளடைவில் மூளை அந்தக் கையை மறந்தே போகிறது. இதை ஆராய்ந்தவர் எட்வர்ட் டாப் என்னும் அமெரிக்க அறிஞர். நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்த கையையே வேலை செய்ய விடும் முறையை அவர் வகுத்தார். 222 நோயாளிகளைக் கொண்டு இம்முறையைச் சோதித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி உறையுடன் இரண்டு வாரம். அத்துடன் தினமும் பயிற்சி. ஓராண்டு கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நிமிர்த்த முடிந்தவர்களுக்கே இது ஏற்றது. நீங்களாகவே துணியால் கையைக் கட்டிவிடாதீர்கள். அடுப்பருகிலும் நடக்கும்போதும் நல்ல கை அவசியம் வேண்டும்.

நம் வீடுகளில் வேலைக்கா பஞ்சம்? புளி தட்டிக் கொட்டை எடுப்பதும், சாமையில் கல் பொறுக்குவதும், மல்லாட்டை உரிப்பதும் பட்டணத்து ஆஸ்பத்திரியில் காசு கொடுத்துச் செய்யும் பயிற்சிக்கு எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல. செபமாலையின் மணிகளைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் ஒவ்வொன்றாக உருட்டுவதும் அப்படியே. அரிவாள்மனை மட்டும் கூடாது. உணர்ச்சி மரத்த விரல் வெட்டுப்பட்டாலும் தெரியாது. பலகையில் இரண்டு துருப்பிடிக்காத ஆணிகளை அடித்து, காயை அதில் குத்தி நிறுத்திவிட்டுச் சிறு கத்தியால் நறுக்கலாம். கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் பருமனாகும், நழுவாது. தட்டுக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு ஓடாது. விளிம்பு உயர்ந்த கிண்ணத்தில் சோற்றைப் பிசைவது எளிது. சட்டையை விழுந்த கையில் முதலில் மாட்ட வேண்டும். கழற்றும்போது நல்ல கையில் முதலில் கழற்ற வேண்டும்.

கை சிறிதும் அசையாதவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் என்ற தமிழர், கை இழந்தவர்களின் 'இல்லாத கை' வலிக்கு 1990-களில் அமெரிக்காவில் கண்ணாடியைப் பயன்படுத்தினார். 1999-இல் அவரும் உடனிருந்தோரும் பக்கவாதம் வந்த ஒன்பது பேரிடம் அதையே சோதித்துப் பார்த்தார்கள். அதன்பின் பல நாடுகளில் செய்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, கையின் அசைவு ஓரளவு கூடுகிறது என்றே தெரிந்தது. முழுக்கக் குணமாகும் என்று நாங்கள் வாக்குத் தரவில்லை.

செய்யும் முறை இது. இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிமிர்த்தி வையுங்கள். முகப்பு நல்ல கையை நோக்கியிருக்கட்டும்; விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இரு கைகளையும் அசைக்க முயலவேண்டும். விழுந்த கையே அசைவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். தினமும் அரை மணி நேரம், பல வாரங்கள். முதல் நாளில் சிலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்கு அழுகை வரும். ஒரு தாயார், "இது என் கைதானா, சிஸ்டர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இயந்திரங்களும் வந்துள்ளன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து 'புளூட்டோ' என்ற மேசைமேல் வைக்கும் கருவியைச் செய்திருக்கின்றன. ஒரே மோட்டார், பிடிகளை மாற்றி மாட்டினால் மணிக்கட்டு, முன்கை, விரல் விரிப்பு என்று தனித்தனியே பயிற்சி. கணினித் திரையில் விளையாடிக்கொண்டே கையை அசைக்கலாம். வீட்டுக்கும் கொண்டுபோகும் அளவில் அமைத்திருப்பது பாராட்டத்தக்கது. எங்கள் டிஸ்பென்சரியில் அது இல்லை.

கருவி எதுவானாலும் வீட்டார் தலையில் மட்டும் சுமத்தக்கூடாது. நம் நாட்டில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்து வீட்டில் தொடரச் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து, கற்காத வீட்டுக்கும் கற்ற வீட்டுக்கும் வித்தியாசம் காணவில்லை. எங்களுக்கு இது வருத்தம் தந்த செய்தி. காட்டு வேலைக்கும் போய், சமையலும் செய்து, நோயாளிக்கு வைத்தியமும் பார் என்றால் ஒருத்தி என்ன செய்வாள் என்று எங்களுக்குத் தோன்றியது. வெளியிலிருந்து ஒருவர் தவறாமல் வந்து பார்க்கவேண்டும் என்பது எங்கள் எண்ணம். 2021-இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி அளிக்கவும் இடம் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

ஜூபிலியையொட்டி ஆறு கண்ணாடிகளை மரச்சட்டம் போட்டு வாங்கி வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் டிஸ்பென்சரியில் பெயர் எழுதிவிட்டு எடுத்துப்போகலாம், வாடகை இல்லை. எப்படி வைப்பது என்று முதல் தடவை நாங்களே வீட்டுக்கு வந்து காட்டுவோம். ஒன்றே ஒன்று: வீட்டுப் பெண்பிள்ளைகள் தலைவார எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போன தடவை கொடுத்த கண்ணாடி அப்படித்தான் காணாமல் போயிற்று.