வேடந்தாங்கல் ஏரி கற்பிக்கும் ஊர் நியாயம்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குச் செய்யப்பட்ட பிரசங்கம்)



கிராமங்களில் மனஸ்தாபங்கள் பெரும்பாலும் சிறு காரியங்களிலிருந்தே உண்டாகின்றன. ஒருவர் தம் வண்டியைத் தெருவின் குறுக்கே நிறுத்திவிடுகிறார். மற்றொருவர் குப்பையை வாய்க்காலில் கொட்டுகிறார். வேறொருவர் ஏரிக்கரை மரத்தை விறகுக்கு வெட்டுகிறார். கேட்டால், "ஊர்ப் பொதுதானே" என்பது பதில். பொது என்றால் கேட்பாரற்றது என்று அர்த்தமன்று. எல்லோரும் காக்கவேண்டியது என்றே அர்த்தம். இதற்குச் செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள வேடந்தாங்கலே தக்க திருஷ்டாந்தம்.

வடகிழக்குப் பருவமழையில் அவ்வூர் ஏரி நிரம்பியதும், நாரைகளும் நீர்க்காகங்களும் கொக்குகளும் அரிவாள் மூக்கன்களும் திரள்திரளாக வந்து, நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் ஏரி நீரில் கரைகிறது. அதில் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது எருவையும் உடன் கொண்டு செல்கிறது. இதைக் குடிகள் எந்தப் புத்தகத்திலும் படித்தறியவில்லை, அநுபவத்தால் கண்டார்கள்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அப்பட்சிகளைச் சுட்டபோது, குடிகள் கலெக்டரிடம் முறையிட்டனர். 1790-களில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை, பட்சிகளைக் காக்கும் அவர்களுடைய உரிமையை ஒப்புக்கொண்டு கௌல் அளித்தார். 1936-ல் அது பறவைகள் சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது; 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் சேர்ந்தது. சர்க்கார் சட்டத்திற்கு வெகு காலம் முன்பே ஊர்க்கட்டுப்பாடு இருந்தது. பட்சிகள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி கொளுத்தாத வழக்கம் அவ்வூராருடையது.

அக்கட்டுப்பாடு நிலைத்ததற்குக் காரணம் யாது? பலன் எல்லோருடைய வயலுக்கும் பாய்ந்தது. ஆகையால் அடக்கமும் எல்லோருக்கும் பொதுவாயிற்று. ஒருவன் வெடித்தாலும் கூட்டம் முழுவதும் கலையும். ஐக்கிய சங்கத்தின் தத்துவமும் இதுவே. 1904-ஆம் வருஷச் சட்டப்படி ஏற்பட்ட கிராமச் சங்கங்களில், ஒருவர் தவணை தவறினால் அந்தப் பொறுப்பு மற்ற அங்கத்தினர்கள் தலையில் விழக்கூடியதாயிருந்தது. அதனால் அண்டை வீட்டார் ஒழுங்கும் தம் காரியமே என்று ஒவ்வொருவரும் உணர்ந்தனர்.

தெருவுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆயினும் விதி செய்வோர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வீட்டில் முற்றமில்லாத ஏழை, வண்டியைத் தெருவில்தான் விடுவார். அவருக்கு அபராதம் போடுவது எளிது, நியாயமன்று. முதலில் வண்டி நிறுத்தப் பொது இடமும், குப்பைக்குக் குழியும் குறிக்கப்படவேண்டும். அதன் பிறகே கண்டிப்பு. குறித்த விதி செல்வருடைய மோட்டார் வண்டிக்கும் ஏழையின் கட்டை வண்டிக்கும் ஒன்றாயிருத்தல் அவசியம்.

ஒரே நாளில் பத்து விதிகள் செய்யவேண்டாம். அடுத்த மகாசபையில் ஒன்றை மட்டும் எடுத்து விவாதித்து, எல்லோர் சம்மதத்துடன் பஞ்சாயத்துக்குத் தெரிவித்து, ஒரு வருஷம் நடத்திப் பார்க்கலாம். தெருவில் பிரசவ வலி கண்ட ஸ்திரீயை ஏற்றிய வண்டி தடையின்றிப் போகுமானால், அந்த ஒரு தீர்மானமே அவ்வூருக்குப் போதிய லாபமாகும்.