உயிரியல் கற்ற நம் பிள்ளைகளும் கணக்கும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஆகிய ஊர்களில் உள்ள நம் குடியிருப்புகளிலிருந்து விலங்கியலும் தாவரவியலும் உயிர்வேதியியலும் கற்றுப் பட்டம் பெற்ற பிள்ளைகள் இந்த 25 ஆண்டுகளில் பலர். அவர்களை மேற்படிப்பிற்கு அழைத்தால், "எங்களுக்குக் கணக்கு வராது, அதனாலன்றோ உயிரியலை எடுத்தோம்" என்கின்றனர். இந்த அச்சம் ஒரு கதவை அடைத்து வைத்திருக்கின்றது. அக்கதவைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

ஆங்கிலத்தில் சிஸ்டம்ஸ் பயாலஜி என வழங்கும் துறையை நாம் அமைப்பு உயிரியல் என்போம். மரபணு ஒவ்வொன்றையும், புரதம் ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் சொல்லி அறிவது பழைய முறை. மனித மரபணுத் தொகுதியைப் படிக்கும் திட்டம் 2003-இல் நிறைவெய்தியது. உறுப்புகளின் பட்டியல் கைக்கு வந்தது. ஆயினும் பட்டியல் மட்டும் உயிராகாது. உறுப்புகள் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைக் கணக்கிட்டு அறிவதே இத்துறையின் நோக்கம்.

இக்கருத்து நமக்கு அந்நியமன்று. நம் முன்னோர் தோலைச் சுண்ணாம்புக் குழியில் இட்டனர், மயிர் நீக்கினர், பின் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊற வைத்தனர். பொருள்கள் அவையே என்றாலும் வரிசை பிறழ்ந்தால் தோல் கெட்டுவிடும் என்பதை அறிந்திருந்தனர். பிறப்பின் பெயரால் நம்மீது சுமத்தப்பட்ட தொழிலைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அத்தொழிலில் அறிவே இல்லை என்று சொல்லப்பட்ட பொய்யை மறுக்கவே சொல்லுகின்றோம்.

இனி, தொடங்குவது எங்ஙனம்? ஒரு தொட்டியை எண்ணிக் கொள்ளுங்கள். உயிரணு ஒன்றில் ஒரு புரதம் நிமிடத்திற்கு 10 மூலக்கூறு வீதம் உண்டாகின்றது. இருப்பதில் பத்தில் ஒரு பங்கு நிமிடந்தோறும் அழிகின்றது. இருப்பு 100 ஆகும்போது வரவும் செலவும் சமமாகி அந்நிலை நிலைக்கும். உற்பத்தியை இருமடங்காக்கினால் இருப்பு 200-இல் நிலைக்கும். ஆனால், வெறுமையிலிருந்து தொடங்கி அதன் பாதியை எட்ட ஆகும் காலம் இரண்டிலும் ஏறத்தாழ 7 நிமிடமே! அக்காலத்தை முடிவு செய்வது அழியும் வேகமே அன்றி உண்டாகும் வேகம் அன்று. இதனை உணர்ந்தவர் வகைக்கெழுச் சமன்பாட்டின் உட்பொருளை உணர்ந்தவரே ஆவார். இதற்குத் தாளும் பென்சிலும் போதும்.

அடுத்த படி, உயிர்வேதியியல் மாணவர் முன்பே அறிந்த மைக்கேலிஸ், மென்டென் ஆகியோரின் 1913-ஆம் ஆண்டுச் சமன்பாடு. அதற்கடுத்து, 1961-இல் ஜேக்கப்பும் மொனோவும் விளக்கிய மரபணுக் கட்டுப்பாடு. பெயரளவில் மனப்பாடம் செய்த இவற்றையே எண்ணளவில் மீண்டும் பயில வேண்டும். ஆகவே உயிரியல் மாணவர் வெறுங்கையோடு வரவில்லை. பாதி வழி நடந்தே வந்திருக்கின்றார்.

பயன் என்ன என்பீர்கள். நம் தெருக்களை வாட்டிய காசநோயையே எடுத்துக் கொள்வோம். அக்கிருமியின் மேலுறைக்கு இன்றியமையாதது மைக்கோலிக் அமிலம். அது உருவாகும் வழியில் 219 வேதிவினைகளை ஒருசேரக் கணக்கிட்டு, எந்தப் புரதத்தைத் தடுத்தால் கிருமி வீழும் என்று ஆராய்ந்த கட்டுரை 2005-இல் வெளிவந்தது. அதனை எழுதியோர் கார்த்திக் ராமன், பிரீத்தி ராஜகோபாலன், நாகசுமா சந்திரா ஆகியோர்.

பாலாற்றையும் மறத்தல் இயலாது. தோல் கழிவுநீரால் நிலமும் நீரும் கெட்டதைக் குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துவோரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை அத்தீர்ப்பு ஏற்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத் தொட்டியில் கழிவை உண்பவை பலவகை நுண்ணுயிர்கள். உப்பு மிகுந்தால் எது முதலில் ஒடுங்கும்? ஒன்று ஒடுங்கினால் அதைச் சார்ந்தவை என்னாகும்? குடுவையில் ஒரு கிருமியைத் தனித்து வளர்த்து இவ்வினாக்களுக்கு விடை காண இயலாது. அந்த நீரைக் குடித்து வாழ்ந்த நம் மக்களின் பிள்ளைகள் இவ்வினாக்களைக் கையில் எடுப்பது பொருத்தமன்றோ?

கற்பதற்கு வழியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரான மேற்சொன்ன கார்த்திக் ராமன் இத்துறையைப் பற்றி நடத்திய பாடங்கள் என்.பி.டி.இ.எல். வழியாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தேர்வெழுதிச் சான்றிதழ் பெறுவதற்கு மட்டுமே கட்டணம். கணக்கிட உதவும் கோபாசி, வலைப்பின்னலை வரைந்து காட்டும் சைட்டோஸ்கேப் ஆகிய கணினி நிரல்களும் விலையின்றிக் கிடைப்பவையே. ஆங்கிலம் தடையாகலாம், கூடியிருந்து படித்தால் அத்தடையும் தளரும்.

எனவே சங்கத்திற்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. நம் படிப்பகத்தில் ஒரு கணினியும், வாரத்தில் இரு மாலைகளும், கணக்குப் பட்டதாரி ஒருவரும், உயிரியல் மாணவர் ஐவரும் ஒன்று சேரட்டும். அண்ணல் அம்பேத்கர் எண்களுக்கு அஞ்சியவர் அல்லர். ரூபாயின் சிக்கலைப் பற்றி அவர் எழுதிய பொருளியல் நூல் 1923-இல் வெளிவந்தது. அவர் வழி வந்தோம் என்று சொல்லும் நமக்குக் கணக்கைக் கண்டு ஒதுங்கும் உரிமை இல்லை.

ஜெய் பீம்!