கல்லுக்குக் கல் திரும்பும் கோணம்



நில அளவை என்றால் சங்கிலி பிடிக்கிறதுதான் என்று நம்மிலே பலர் நினைத்திருக்கிறோம். ஒரு தனி வயலுக்கு அது போதும். வயலை முக்கோணங்களாகப் பிரித்து, பக்கங்களைச் சங்கிலியாலே அளந்தால் படம் போட்டுவிடலாம். ஊர் எல்லை என்று வந்தால் கதை வேறே. நடுவிலே ஏரி இருக்கும், தோப்பு இருக்கும். குறுக்கே சங்கிலி போட வழியிருக்காது. அங்கே ஓரமாகவே கல்லுக்குக் கல் தூரத்தை அளந்துகொண்டு போக வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் எல்லை எவ்வளவு திரும்புகிறது என்பதையும் அளக்க வேண்டும். அந்தத் திருப்பம்தான் கோணம். அதை அளக்கிற கருவி தியோடலைட்.

முக்காலி மேலே ஒரு தொலைநோக்கிக் குழாய், அதன் அடியிலே 360 டிகிரி கோடு போட்ட வட்டத் தட்டு. அவ்வளவுதான் கருவி. தூக்குக் குண்டு கல்லின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே நிற்கும்படி சர்வேயர் முக்காலியை வைப்பார். ரசமட்டத்தைப் பார்த்துத் திருகுகளைத் திருப்பி மட்டம் செய்வார். பிறகு இடப்பக்கத்துக் கல்லைப் பார்க்கிறார். தட்டிலே 20 டிகிரி 10 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயை வலப்பக்கத்துக் கல்லுக்குத் திருப்புகிறார். 118 டிகிரி 34 நிமிஷம். கழித்தால் 98 டிகிரி 24 நிமிஷம். அதோடு விடமாட்டார். குழாயைத் தலைகீழாகப் புரட்டி, அதே இரண்டு கல்லையும் மறுபடி பார்ப்பார். "ஒரு தடவை பார்த்ததையே திரும்பப் பார்த்து நேரத்தைப் போக்குகிறாரே" என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. குழாய் இம்மி கோணலாக இருந்தால் முதல் தடவை ஒரு பக்கம் தப்புக் காட்டும், புரட்டிப் பார்த்தால் மறுபக்கம் காட்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் தப்பு அடிபட்டுப் போகும். அதனாலே அவரை அவசரப்படுத்தாதீங்க.

இந்தக் கருவிக்கும் நம்ம நாட்டுக்கும் பழைய உறவு. 1802-லே லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சென்னைப் பரங்கிமலைப் பக்கத்திலே அடிக்கோடு அளந்து பெரிய நில அளவையைத் தொடங்கினார். அவருடைய தியோடலைட் அரை டன் எடை. தஞ்சாவூர்ச் சீமையிலே மலை ஏது? 1808-லே பெரிய கோயில் கோபுரத்து மேலேயே அதை ஏற்றப் பார்த்தார்கள். கயிறு அறுந்து, கருவி மோதி, வட்டத் தட்டே நெளிந்துவிட்டது. தட்டு நெளிந்தால் கோணம் எல்லாம் பொய். மனுஷர் கூடாரத்துக்குள்ளே உட்கார்ந்து வாரக்கணக்கிலே தட்டி நிமிர்த்திச் சரிசெய்தார்.

இப்போது பல இடங்களிலே டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணுக் கருவி வந்துவிட்டது. தூரத்தையும் அதுவே சொல்லிவிடும். கோணம் பார்க்கிற முறை அதேதான்.

இனிச் சொல்லப்போவது உங்கள் கையிலே இருக்கிற வேலை. எதிர்க் கல் மேலே கம்பு பிடிக்க ஊர்க்காரர் ஒருவரைத்தான் பெரும்பாலும் நிறுத்துவார்கள். வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். குடத்துக்கிட்டே இரண்டு ஆரக்கால் நெருங்கி நிற்கும், வட்டை ஓரத்திலே எவ்வளவு விலகிவிடுகிறது! கோணத் தப்பும் அப்படித்தான். 100 அடி தூரத்திலே நீங்கள் பிடித்த கம்பு 3 அங்குலம் பக்கவாட்டிலே சாய்ந்திருந்தால், அந்தக் கோணத்தை நம்பி அடுத்த பக்கம் 1000 அடி போகும்போது முனை 30 அங்குலம் தள்ளிப்போகும். இரண்டரை அடி வரப்பு! கல் கிட்டே இருக்க இருக்க ஆபத்து அதிகம். அதனாலே கம்பைக் கல்லின் புள்ளியிலே ஊன்றி, நேராகப் பிடியுங்கள். கல்லைச் சுற்றி முள்ளை வெட்டிவைத்தால் சர்வேயர் கம்பின் அடியையே பார்ப்பார். சாய்வு அங்கே தெரியாது. முக்காலிக்கிட்டே ஆடுமாடு, பிள்ளைகள் வரவேண்டாம். ஈர மண்ணாயிருந்தால் நீங்களும் தள்ளி நில்லுங்கள்.

சுற்றி முடித்ததும் கோணங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள். நான்கு மூலை என்றால் 360 டிகிரி, ஐந்து என்றால் 540, ஆறு என்றால் 720 வரவேண்டும். பழைய நோட்டுத் தாளிலே கோணல்மாணலாக ஒரு நாற்கோணம் வெட்டி, நாலு மூலையையும் கிழித்து முனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். இடைவெளியில்லாமல் முழுச் சுற்றாகப் பொருந்தும். பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

ஆனால் ஒன்று. யாராவது ராத்திரியிலே கல்லை நாலடி தள்ளி நட்டிருந்தால் இந்தக் கூட்டல் அதைக் காட்டிக்கொடுக்காது. தள்ளி நட்ட கல்லிலும் கூட்டினால் அதே 360-தான் வரும். பழைய அளவைப் பதிவிலே இருக்கிற கோணத்தோடும் நீளத்தோடும் ஒத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே உழும்போது கல் சாய்ந்துவிட்டாலோ, காணாமல் போனாலோ, "இங்கேதானே இருந்தது" என்று நீங்களாகவே நட்டுவிடாதீர்கள். பக்கத்து நிலத்துக்காரரிடம் சொல்லிவிட்டு, புல எண்ணைக் குறித்துத் தாலுகா அலுவலகத்துக்கு மனுக் கொடுங்கள். சர்வேயர் பதிவை வைத்து அளந்து நடும்போது இரண்டு பேருமே கூட நில்லுங்கள்.