கால் வீக்கம் வற்றிய பிறகு

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் சாயங்காலம் கால் வீங்கி வீட்டுக்கு வந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நாளெல்லாம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் வீங்கத்தானே செய்யும் என்பார்கள். இரண்டு காலும் வீங்கினால் அப்படியும் இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச்சதை இறுகி வலித்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து.

உறைவதற்குக் காரணங்கள் பல. அதில் ஒன்று, நம் எதிர்ப்பு சக்தியே நமக்கு எதிராகத் திரும்புவது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்கிற இந்த நோயை லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் 1983-இல் விவரித்தார். இதில் ஒரு விசித்திரம்: இந்த நோயாளிகளின் ரத்தம் பரிசோதனைக் குழாயில் உறையத் தாமதமாகும், உடம்புக்குள்ளோ சுலபமாக உறைந்துவிடும். அடுத்தடுத்துக் கரு கலைகிற பெண்களுக்கும் இதைச் சோதிப்பார்கள். ஒரு தடவை பாசிட்டிவ் வந்தால் போதாது. குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உறுதி சொல்வார்கள்.

கண்டுபிடிக்க, பக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. என் கவலை அதற்கு அப்புறம்தான். சில மாதத்தில் வீக்கம் வற்றும். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். வற்றியது வீக்கம்தான், நோயை உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்திலேயே இருக்கிறது. மறுபடி உறையலாம், அடுத்த தடவை மூளையிலும்கூட. அதனால்தான் இந்த நோயால் ஒரு தடவை ரத்தம் உறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை.

மாத்திரை வார்ஃபரினோ அசிட்ரோமோ, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் உறையும். ஏறினால் ஈறில் ரத்தம் கசியும், மலம் கறுப்பாகப் போகும். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை விட்டுவிட வேண்டாம், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். உடம்பு வலிக்குக் டாக்டரைக் கேட்காமல் கடையில் மாத்திரை வாங்குவதுதான் ஆபத்து. ரம்ஜான் நோன்பு இருப்பவர்கள் மாத்திரை நேரத்தை முன்கூட்டியே டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

அடிக்கடி ரத்தச் சோதனை தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறலாமா என்று கேட்பார்கள். இந்த நோய்க்கான மூன்று எதிர்ப்பொருள் சோதனையும் பாசிட்டிவான நோயாளிகளிடம் இத்தாலியில் ரிவராக்ஸபான் என்கிற புது மாத்திரையை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வார்ஃபரினைவிட அதில் பாதிப்பு கூடியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள், 2018-இல் வெளியிட்டார்கள்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். கர்ப்ப காலத்தில் அதற்குப் பதில் ஹெப்பாரின் ஊசியும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் கொடுப்பார்கள்.